நீர்வர்ணமும் ஒளிவர்ணமும்

எழுதுகருவி மாறும்போது எழுத்தும் மாறும் என்பதற்குத் தமிழ் ஏட்டுச் சுவடிகளே சான்றாகும். மெய்யெழுத்துக்குப் புள்ளியிட வேண்டும் என்று இலக்கணம் விதித்திருந்தும், ஓலையில் எழுத்தாணியை அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்று அஞ்சிய ஏடெழுதுவோர் பெரும்பாலும் அதனை இடாமலே விடுத்தனர். பிற்காலத்தில் அவ்வேடுகளை ஒப்புநோக்கி அச்சேற்றிய பதிப்பாசிரியர்கள் எதிர்கொண்ட இடர்களுள் இதுவும் ஒன்று. கருவியின் இயல்பு இவ்வாறு கலையினுள்ளே புகுந்து தன் அடையாளத்தை வைத்துவிடுகின்றது. எழுத்துக்கு நேர்ந்த இது ஓவியத்துக்கு இன்று பெரிய அளவில் நேர்ந்துகொண்டிருக்கின்றது. நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் படம் வரைவோர் பலர் தூரிகையையும் நீர்வர்ணப் பெட்டியையும் ஒருபுறம் வைத்துவிட்டு, கண்ணாடித் திரையின்மீது எண்ணிமப் பேனையால் வரையத் தலைப்பட்டுள்ளனர். டிஜிற்றல் ஓவியம் என்றும் எண்ணிம ஓவியம் என்றும் வழங்கும் இப்புதுமுறைக்கு வரும் ஓவியன் பழைய முறையிலிருந்து எதனைக் கொண்டுவருகின்றான், எதனை இழந்து வருகின்றான் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற எடுத்துக்காட்டாக ஆங்கில ஓவியர் டேவிட் ஹொக்னியைக் கொள்ளலாம். அவர் 1937ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள பிராட்போட் நகரிற் பிறந்தவர். தைலவர்ணத்திலும் அக்ரிலிக் வர்ணத்திலும் வரைந்த பெரும் படங்களால் உலகப் புகழ் பெற்றவராயினும், நூலுக்குப் படம் வரையும் தொழிலும் அவருக்குப் புறம்பானதன்று. கிறிம் சகோதரர் தொகுத்த நாட்டார் கதைகளுள் ஆறினுக்கு அவர் 1969இல் வரைந்த 39 அச்சோவியங்கள், செப்புத்தகட்டை அமிலத்தால் அரித்துப் பெறப்பட்டவை, கதைப்படம் என்னும் துறையில் இன்றும் எடுத்துப் பேசப்படுவன. அவரை இங்கே தெரிந்துகொள்வதற்குக் காரணம் வேறு. அறுபத்தைந்தாம் வயதை அணுகும்போது நீர்வர்ணத்தை முழுமூச்சுடன் கையாண்டு, அடுத்த பத்தாண்டுகளுக்குள்ளாகவே திரை ஓவியத்துக்கு வந்தவர் அவர். இரு முறைகளின் தடங்களும் ஒரே கையில், ஒரே நிலக்காட்சியில், அடுத்தடுத்த ஆண்டுகளிற் கிடைப்பது அருமை.

நீர்வர்ணம் பழைமையின் சின்னம் என்றும் கணினி புதுமையின் சின்னம் என்றும் எளிதாகப் பேசிவிடுவது வழக்கம். நீர்வர்ணமும் ஒருகாலத்திற் புதிய கண்டுபிடிப்பாகவே இருந்தது என்பதை அவ்வாறு பேசுவோர் மறந்துவிடுகின்றனர். நிறப்பொருளைக் கல்லில் அரைத்து அரபுப் பிசினோடு குழைத்துத் தானே வர்ணம் ஆக்கிக்கொண்ட ஓவியனுக்கு, இலண்டனில் றீவ்ஸ் சகோதரர்கள் ஆக்கிய வர்ணக்கட்டிகள் பெரும் விடுதலையாக அமைந்தன. அக்கண்டுபிடிப்புக்காக 1781இல் கலைகள் சங்கம் அவர்களுக்கு வெள்ளித் தட்டொன்றைப் பரிசளித்தது. 1804இல் இங்கிலாந்தின் நீர்வர்ண ஓவியர்கள் தமக்கெனத் தனிச் சங்கம் நிறுவினர். தைல ஓவியத்தோடு ஒப்ப வைத்து எண்ணப்படாத குறை அவர்களுக்கு அப்போது இருந்தது. 1841இல் ஜோன் கொவ் றாண்ட் என்னும் அமெரிக்க ஓவியர், அமுக்கிப் பிதுக்கத்தக்க உலோகக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றபின் வர்ணங்கள் குழாயிலும் வரலாயின. சட்டைப்பைக்குள் அடங்கும் பெட்டியோடு ஓவியன் ஆற்றங்கரைக்கும் மலையடிவாரத்துக்கும் சென்றது இக்கண்டுபிடிப்புகளாலேதான். எளிதாக எடுத்துச் செல்லத்தக்கது என்பதே அன்று நீர்வர்ணத்தின் பெருமை. இன்று அப்பெருமையைத் திரை தனதாக்கிக்கொண்டது.

நீர்வர்ணம் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். அதனை அறியாமல் திரைக்கு வரும் ஓவியனின் இழப்பை அளவிடல் இயலாது. இவ்வோவியத்தில் வெண்மை என்பது பூசப்படுவதன்று, கடதாசியே வெண்மை. மேலே படிந்துள்ள மெல்லிய நிறப்படையினூடாக ஒளி புகுந்து, கடதாசியிற் பட்டுத் திரும்பி, மறுபடியும் அந்நிறப்படையைக் கடந்து கண்ணை வந்தடைகின்றது. ஆகவே நல்ல நீர்வர்ணப் படம் உள்ளிருந்து ஒளிர்வது போன்று தோன்றும். மேகத்தின் விளிம்போ நீரலையின் பளபளப்போ வேண்டுமாயின், அவ்விடத்தைத் தொடாமல் விடவேண்டும். எதனை வரைவது என்று எண்ணுவதற்கு முன்பே எதனை வரையாது விடுவது என்று ஓவியன் தீர்மானித்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

அடுத்து, நீரின் போக்கு. ஈரமான பூச்சு உலரும்போது அதன் விளிம்பிற் கருமையான கோடொன்று தோன்றுவதை வர்ணம் தொட்ட சிறுவரும் கண்டிருப்பர். கோப்பியின் துளி மேசையில் உலர்ந்தாலும் அவ்வாறே வளையம் தோன்றும். இதன் காரணத்தை 1997இல் சிக்காகோப் பல்கலைக்கழக ஆய்வாளர் தெளிவாக விளக்கினர். துளியின் விளிம்பு கடதாசியைப் பற்றிக்கொண்டு நகராது நிற்கின்றது. விளிம்பில் நீர் விரைவாக ஆவியாகின்றது. அக்குறையை நிரப்ப நடுவிலிருந்து நீர் வெளிநோக்கி ஓடுகின்றது. ஓடும் நீர் துகள்களையும் உடன் கொண்டுசென்று விளிம்பிற் சேர்க்கின்றது. ஓவியன் இட்ட கோடன்று அது. ஆயினும் இலையின் ஓரத்தையும் மலையின் வரம்பையும் அழகுறக் காட்டுவது அக்கோடே. கடல்நீலம் எனப்படும் அல்ட்ராமரின் போன்ற நிறங்களின் துகள்கள் ஒன்றுகூடித் திரண்டு கடதாசியின் பள்ளங்களிற் படிவதால் மணல்போன்ற தோற்றம் உண்டாகும். அரைகுறையாக உலர்ந்த பூச்சில் ஒரு துளி நீர் விழுந்தாலோ, அது நிறத்தை வெளியே தள்ளிப் பூக்கோவாவின் வடிவிலே கறையொன்றை உண்டாக்கிவிடும். இக்கறை சிலபோது படத்தைக் கெடுக்கும். சிலபோது ஓவியன் நினையாத மரமொன்றை அங்கே தந்துவிடும். நீர்வர்ணக்காரன் தனியாக வரைபவனல்லன். நீர் அவனுக்குத் துணையாசிரியன்.

துணையாசிரியனோடு தொழில் செய்வோன் அவன் சொற்கும் இடங்கொடுக்க வேண்டும். மெல்லிய நிறம் முன்பும் அடர்ந்த நிறம் பின்பும் இடப்படுதல், ஒரு பூச்சு உலருமுன் மறுபூச்சிடாமை, மேன்மேலும் பூசிச் சேறாக்காமை என்னும் ஒழுங்குகள் நீர் விதித்த ஒழுங்குகளே. பிழை நேர்ந்தால் ஈரத் தூரிகையால் ஓரளவு நிறத்தை உறிஞ்சி எடுக்கலாம், கத்தியாற் சுரண்டலாம். ரேணர் தம் பெருவிரல் நகத்தாலேயே கடதாசியைச் சுரண்டி வெண்மை பெற்றார் என்பது பிரசித்தம். ஆனால் முற்றாகத் திருத்துதல் என்பது இல்லை. தைல ஓவியன் தன் பிழையின்மேல் மற்றொரு பூச்சிட்டு மறைப்பான். நீர்வர்ணக்காரன் புதுத்தாள் எடுப்பான்.

ஹொக்னி 2002இல் இம்முறையை மேற்கொண்டார். முன்பு அதனை அவர் பெரிதாகக் கையாண்டிருக்கவில்லை. நோர்வேயிலும் ஐஸ்லாந்திலும் நிலக்காட்சிகளை வரைந்தபின், தாம் பிறந்த யோர்க்சயரின் வயல்களுக்கும் வேலிகளுக்கும் திரும்பினார். 2004இல் வரைந்த கிழக்கு யோர்க்சயரின் நடுக்கோடைக் காட்சிகள் 36 நீர்வர்ணத் தாள்கள் சேர்ந்த ஒரே தொகுதியாகும். வயலோரத்தில் இருந்து வரைந்தவற்றில் விரைவு தெரிகின்றது. வைக்கோற் கட்டுகளும் வளைந்து செல்லும் தெருக்களும் இரண்டு மூன்று தூரிகைத் தீற்றல்களில் முடிந்துவிடுகின்றன. வானம் ஒரே பூச்சு. பின்வந்த திரை ஓவியங்களை விளங்கிக்கொள்வதற்குத் திறவுகோல் இத்தாள்களே என்று கருத இடமுண்டு.

கணினியோடு அவர் கொண்ட உறவு இதனினும் பழையது. திரையில் வரைதல் என்பது 1963இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஐவன் சதர்லாண்ட் ஆக்கிய ஸ்கெச்பாட் என்னும் நிரலோடு தொடங்கியது எனலாம். அது பொறியியலாளரின் கோட்டுப்படத்துக்கு உரியது. 1973இல் றிச்சாட் ஷூப் கலிபோர்ணியாவிலே ஆக்கிய சூப்பர்பெயின்ற் நிறந்தீட்ட வல்லதாயிற்று. 1981இல் இங்கிலாந்தின் குவான்ரெல் கம்பனி வெளியிட்ட பெயின்ற்பொக்ஸ், பெருந் தொலைக்காட்சி நிலையங்களே வாங்கத்தக்க விலையுடைய பெரிய இயந்திரம். 1987இல் ஒளிபரப்பான பி.பி.சி. தொடரொன்றிலே அவ்வியந்திரத்தின் முன் ஓவியர் அறுவர் அமர்த்தப்பட்டனர். ஹொக்னி அவர்களுள் ஒருவர். ஒளியால் ஓவியம் தீட்டுதல் என்னும் பொருள்பட அத்தொடருக்குப் பெயர் இடப்பட்டிருந்தது. பெயர் பொருத்தமானதே. ஆயினும் தொடர் முடிந்ததும் இயந்திரம் நிலையத்தில் நின்றுவிட்டது. ஓவியர் தம் அறைக்குத் திரும்பினர். வீட்டுக் கணினிகளோ அக்காலத்திற் கையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. கோட்டை இழுத்தபின் அது திரையிலே தோன்றும்வரை காத்திருக்க வேண்டிய நிலையில் ஓவியனுக்கு வரைதல் இன்பமாகாது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கடந்த பின்னரே அக்குறை நீங்கி, போட்டோஷொப் மென்பொருளிலே நேராக வரைதல் அவருக்குக் கைவந்தது.

இவ்விடத்தில் திரையின் இயல்பையும் நோக்குதல் தகும். கடதாசிக்கும் திரைக்கும் உள்ள வேற்றுமை கருவி வேற்றுமை மாத்திரமன்று. நிறம் பிறக்கும் முறையே வேறு. கடதாசியில் நிறப்பொருள் வெள்ளொளியின் ஒரு பகுதியை விழுங்கி எஞ்சியதைத் திருப்பித் தருகின்றது. திரையோ பிக்சல் எனப்படும் நுண்புள்ளிகளிலிருந்து சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளைக் கூட்டித் தருகின்றது. ஒவ்வோர் ஒளிக்கும் 256 படிகள் வைத்தால் 1,67,77,216 நிறங்கள் கிடைக்கும். இத்தொகை ஓவியனை மலைக்க வைக்கலாம். ஆயின் நீர்வர்ணக்காரனுக்கு முதல்நாளே ஏமாற்றம் ஒன்று காத்திருக்கின்றது. நீலத்தோடு மஞ்சளைக் கலந்தால் பச்சை வரும் என்பது அவன் சிறுவயதிற் கற்றது. சாதாரண மென்பொருளில் இவ்விரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கரைத்தால் வருவது சாம்பல் நிறம். கணினி எண்களைச் சராசரியாக்குகின்றதேயன்றி நிறப்பொருளைக் கலப்பதில்லை. நிறப்பொருட் படையில் ஒளி உறிஞ்சப்படுவதையும் சிதறுவதையும் கணிக்கும் சமன்பாடுகளைக் குபெல்கா, மங்க் என்னும் இருவர் 1931இலேயே தந்திருந்தும், அவற்றை ஓவியனின் கைவேகத்துக்கு ஏற்பத் திரையில் எளிதாகப் பயன்படுத்தும் வழியொன்றைச் செக் நாட்டு ஆய்வாளர் இருவர் வெளியிட்டது 2021இலேதான். தொண்ணூறு ஆண்டுகள்! மழலைப் பள்ளிச் சிறுவன் விரலாற் செய்வதைக் கணினிக்குக் கற்பிக்க அத்துணைக் காலம் சென்றது.

நீரின் போக்கையே கணித்துக் காட்டும் முயற்சியும் நிகழாமலில்லை. கோப்பி வளையத்துக்கு விளக்கம் கிடைத்த அதே 1997இல், கேற்றிஸ் முதலிய ஐவர் கணினி நீர்வர்ணம் பற்றிய கட்டுரையொன்றை வெளியிட்டனர். கடதாசியை அவர்கள் மூன்று படைகளாக வகுத்தனர். மேலே நீர் ஓடும் படை. அதன்கீழ் நிறத்துகள் படியும் படை. அதற்கும் கீழே மயிர்த்துளை ஈர்ப்பால் ஈரம் பரவும் படை. இவற்றினிடையே நீரும் துகளும் இடம்பெயர்வதைக் கணித்தபோது, கருவிளிம்பும் மணற்படிவும் பூக்கோவாக் கறையும் திரையில் தோன்றின. அன்று ஒரு படத்தைக் கணிக்கக் கணினிக்கு நெடுநேரம் தேவைப்பட்டது. இன்று அவ்வகைத் தோற்றங்களைத் தரும் தூரிகைகளைச் சிறு விலைக்கு வாங்கிக் கையடக்கத் திரையிலே பயன்படுத்தலாம். நீர்வர்ணத்திலிருந்து வரும் கதைப்பட ஓவியர் பலர் முதலில் நாடுவதும் இத்தூரிகைகளையே. பழக்கப்பட்ட முகத்தைப் புதிய ஊரிலே தேடுவதுபோல இஃது இயல்பானது. ஆனால் அத்தோற்றம் நீரின் தோற்றமேயன்றி நீரன்று. பிடிக்காத கறையை ஒரு தொடுகையில் இல்லாததாக்கிவிடலாம் எனின், அக்கறை ஓவியனோடு வாதாடும் உரிமையை இழந்துவிடுகின்றது. துணையாசிரியன் ஏவலாளன் ஆகின்றான்.

ஹொக்னியின் வழி இதனின்று வேறானது; அதனாலேயே அது சிந்திக்கத்தக்கது. ஐபோனில் பிரஷஸ் என்னும் சிறு மென்பொருளை அவர் 2009 அளவில் விரலாற் கையாளத் தொடங்கினார். அவ்வாண்டு யூன் மாதம் 1ஆந் திகதி நியூயோக்கர் சஞ்சிகையின் அட்டையில் ஜோர்ஜ் கொலம்போ என்னும் ஓவியர் அதே மென்பொருளால் வரைந்த தெருக்காட்சி வெளிவந்தது. விளையாட்டுப் பொருளெனக் கருதப்பட்டதொன்று சஞ்சிகை ஓவியரின் தொழிற்கருவியாகியதை அவ்வட்டை ஊரறியச் செய்தது. ஹொக்னியோ விடியற்காலத்தை வரைந்தார். பிரிட்லிங்ரன் என்னும் கடலோர ஊரிலே தம் படுக்கையில் இருந்தவாறே, சாளரத்தினூடாகத் தெரிந்த கீழ்வானத்தைப் பல நாள் வரைந்தார். நீர்வர்ணத்தில் இதனைச் செய்தல் அரிது. தாளைக் காண விளக்கேற்ற வேண்டும். விளக்கேற்றினால் சாளரத்தில் விடியலின் மெல்லொளி மங்கிவிடும். தண்ணீருக்கும் தூரிகைக்கும் எழுந்து செல்வதற்குள் செம்மை மாறிவிடும். திரையோ தானே ஒளிர்வது. இருளிலே இருந்துகொண்டே ஒளியை வரையலாம். இது பழைய முறையின் போலியன்று. பழைய முறையால் அடைய இயலாத ஒரு பொருளை அடைதலாகும். அவ்வாறு வரைந்த பூக்களையும் விடியல்களையும் அவர் நண்பர்க்கு அனுப்பிவைத்தார். 2010ஆம் ஆண்டு பிற்பகுதியிற் பாரிசு நகரில் இவை காட்சிக்கு வைக்கப்பட்டபோது, சட்டமிட்ட படங்களாகவன்றி, ஒளிரும் கருவிகளிலேயே காட்டப்பட்டன.

2010இல் ஐபாட் வெளிவந்தது. அதன் முதற் பதிப்பின் திரையில் 1024க்கு 768 ஆகப் புள்ளிகள் இருந்தன. அழுத்தத்தை உணரும் ஆற்றல் அதற்கு இல்லை. மெல்லத் தொட்டால் மெல்லிய கோடும் அழுத்தினால் தடித்த கோடும் வரும் என்னும் தூரிகையின் முதற்பாடம் அங்கே செல்லாது. கோட்டின் தடிப்பை முன்கூட்டியே தெரிந்துகொண்டு இடவேண்டும். இக்குறையோடு கூடிய கருவியிலேதான் 2011ஆம் ஆண்டு தை மாதம் தொடங்கி ஆனி ஈறாக, வோல்ட்கேற் என்னும் பழைய தெருவில் இளவேனில் வந்த வகையை அவர் நாட்குறிப்புப்போல வரைந்தார். 51 திரை ஓவியங்களும், 32 துணிப்பலகைகள் சேர்ந்த தைல ஓவியம் ஒன்றுமாக அத்தொகுதி 2012இல் இலண்டன் றோயல் அக்கடமியில் வைக்கப்பட்டது. திரை ஓவியங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.4 மீற்றர் உயரத்துக்கு அச்சிடப்பட்டிருந்தன. தீற்றல்கள் ஒவ்வொன்றாகப் பதிவாகியிருந்தமையால் அவற்றைப் பெரிய அளவிலே மீண்டும் இயக்கிப் பெறுதல் இயன்றது.

அத்தெருவின் படங்களை 2004இன் நீர்வர்ணத் தாள்களோடு ஒப்பிட்டு நோக்கின் ஒன்று புலப்படும். நீரின் கசிவையோ விளிம்புக் கருமையையோ திரையிற் காட்டிவிட வேண்டும் என்று அவர் முயலவேயில்லை. புள்ளிகள், சுழிகள், மட்டமான நிறப்பரப்புகள் ஆகியனவாகத் திரைக்கு இயல்பானவற்றையே இட்டுள்ளார். நீர்வர்ணத்தில் ஆகாத காரியமாகிய, கருமையின்மேல் வெண்மையிடுதலைத் தாராளமாகச் செய்துள்ளார். ஆனால் நீர்வர்ண ஆண்டுகளிற் பெற்ற வேறொன்று உடன் வந்திருக்கின்றது. எதனை விடுவது என்னும் தேர்வு அங்கும் முன்னதாகவே நடந்திருக்கின்றது. வேலியிலுள்ள ஆயிரம் இலைகளுக்குப் பத்துத் தீற்றல் போதும் என்னும் துணிவு அப்படியே இருக்கின்றது. நீர்வர்ணத்தின் தோற்றத்தை அவர் கொண்டுவரவில்லை; அதன் ஒழுக்கத்தைக் கொண்டுவந்தார் எனலாம்.

எண்ணிம ஓவியத்தில் எல்லோரும் வியப்பது செய்ததை நீக்கும் வசதியையே. ஓவியன் அதனால் அச்சம் நீங்கி வரைகின்றான் என்பது மெய். ஆயினும் அச்சம் முழுவதும் நீங்குதல் நன்மையா என்பது வேறு வினா. ஒரு கோட்டை முப்பது முறை இட்டு முப்பது முறை நீக்குபவன், முப்பத்தோராவது முறை இடுவது சிறந்த கோடாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. சலிப்பினால் ஏற்ற கோடாக இருத்தலும் கூடும். பழந்தமிழர் புனையா ஓவியம் என வழங்கிய கோட்டோவியத்தின் உயிர், கை தயங்காமற் செல்வதிலேயே தங்கியிருக்கின்றது. பிரஷஸ் மென்பொருளில் இதற்கு ஒருவகை மாற்றும் இருந்தது. வரைந்து முடிந்தபின் முழு ஓவியமும் முதல் தீற்றலிலிருந்து மீண்டும் இயங்கிக் காட்டும். தாம் வரைந்த வழியைப் படம்போலப் பார்க்கும் வாய்ப்பு முன்னை ஓவியர் பெரும்பாலோர்க்குக் கிடைத்ததில்லை. ஆசிரியர்களுக்கு இது பெருஞ் செல்வம். மாணவனின் முடிந்த படத்தை வைத்துக்கொண்டு எங்கே தவறினான் என்று ஊகிக்க வேண்டியதில்லை. தவறிய இடத்திலேயே நிறுத்திக் காட்டலாம்.

சஞ்சிகைகளுக்கும் பாடநூல்களுக்கும் படம் வரைந்து பிழைப்போரின் நிலை, புகழ்பெற்ற ஓவியரின் நிலை போன்றதன்று. அவர்களை நீரிலிருந்து திரைக்கு ஈர்த்தது விடியலின் ஒளியன்று; பதிப்பாளரின் தேவை. சிறுமியின் சட்டையைப் பச்சையாக்கித் தருக, வானத்தை மாலை வானமாக்குக என்று கடிதம் வருமாயின், நீர்வர்ணக்காரன் படம் முழுவதையும் மறுபடி வரைய நேரிடும். திரை ஓவியனோ வானத்தைத் தனிப்படையாகவும் சிறுமியைத் தனிப்படையாகவும் வைத்திருந்து, ஒன்றைத் தொடாமல் மற்றொன்றை மாற்றிவிடுவான். தாளை ஒளிப்பதிவு செய்து நிறந்திருத்தும் செலவும் இல்லை. இவ்வசதி வேறொரு விளைவையும் தந்தது. மாற்றுதல் எளிது என்று தெரிந்தபின் மாற்றங் கேட்பதும் எளிதாயிற்று. முன்பு இரண்டு முறை யோசித்துக் கேட்டவர் இப்போது யோசியாமற் கேட்கின்றார். மிச்சமான நேரம் ஓவியனுக்கே கிடைத்தது என்று சொல்வதற்கில்லை.

மூலப்படம் என்பதன் நிலையும் மாறிவிட்டது. நீர்வர்ணத் தாள் ஒன்றேயாகும். அது விற்பனைக்கும் உரியது, சாவுக்கும் உரியது. ஒளி பட்டால் நீர்வர்ணம் மங்கும் என்பதை றசல், அப்னி என்னும் இருவர் 1888இல் அறிக்கையிட்டு நிறுவினர். ஹென்றி வோகன் என்பவர் தாம் சேர்த்த ரேணரின் நீர்வர்ணங்களை ஸ்கொத்லாந்து தேசிய ஓவியக்கூடத்துக்கு உரிமையாக்கியபோது, சூரியவொளி குன்றிய தை மாதத்தில் மாத்திரம் அவற்றைக் காட்டவேண்டும் என்று நிபந்தனை விதித்தார். 1900ஆம் ஆண்டில் வந்துசேர்ந்த அப்படங்களுக்கு அவ்வழக்கமே கைக்கொள்ளப்பட்டு வந்துள்ளது. நூறாண்டுக்கு மேலாகியும் அவை புதுமை மாறாமலிருப்பது அதனாலேயே. திரை ஓவியம் மங்குவதில்லை. ஆனால் அதனைத் திறக்கும் மென்பொருளும் இயந்திரமும் மறைந்துவிட்டால் அது தாளினும் விரைவாக மறைந்துவிடும். பெயின்ற்பொக்ஸ் இயந்திரங்களில் இயங்கும் நிலையில் எஞ்சியுள்ளவை மிகச் சிலவே. தாள் மங்கினாலும் மங்கியதைக் காணலாம். திறக்கவியலாத கோப்பிற் காண்பதற்கு யாதுமில்லை.

அச்சிடப்பட்ட திரை ஓவியங்களை விமர்சகர் அனைவரும் ஒருமுகமாகப் பாராட்டினரல்லர். 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்திலே, தமது எண்பத்திரண்டாம் வயதில், பிரான்சின் நோர்மண்டியில் தங்கியிருந்து ஹொக்னி வரைந்த 116 ஐபாட் ஓவியங்கள் மறு ஆண்டு றோயல் அக்கடமியில் வைக்கப்பட்டபோது, தைலத்தின் தடிப்போ நீரின் கசிவோ இல்லாத அச்சுத்தாள் உயிரற்ற மட்டத்தன்மையோடு இருக்கின்றது என்னும் குறை எழுந்தது. குறையில் நியாயம் உண்டு. ஒளியால் வரைந்ததை மையால் அச்சிடும்போது, கூட்டி உண்டாக்கிய நிறத்தைக் கழித்து உண்டாக்கும் நிறமாக மாற்ற வேண்டியிருக்கின்றது; திரையில் ஒளிர்ந்த பச்சை தாளில் வெறும் பச்சையாகிவிடுகின்றது. இக்காரணத்தாலேயே அவருடைய திரை ஓவியங்களுள் மிகப் பொருந்திய வடிவம் பெற்றது வெஸ்ற்மினிஸ்ரர் தேவாலயச் சாளரம் எனத் தோன்றுகின்றது. இரண்டாம் எலிசபெத் அரசியாரின் நீண்ட ஆட்சியைச் சிறப்பிக்குமுகமாக 2018இல் திறந்துவைக்கப்பட்ட அச்சாளரத்தின் வடிவத்தை அவர் ஐபாட்டில் வரைய, யோர்க் நகரத்துக் கைவினைஞர் அதனை வர்ணக்கண்ணாடியில் ஆக்கினர். யோர்க்சயர் வேலியின் வெண்பூக்கள் அங்கே சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகிய கண்ணாடிகளினிடையே மலர்கின்றன. பின்னிருந்து ஒளி வரும் திரையில் வரைந்தது, பின்னிருந்து ஒளி வரும் கண்ணாடியாயிற்று. இடைக்காலத்துக் கைவினை ஒன்றுக்கு மிக அண்மையில் நிற்பது கணினித்திரை என்பதை எவர் எதிர்பார்த்திருப்பர்?

இறுதியாக 2013இன் செய்தி ஒன்று உண்டு. திரையில் எத்தனை நிறமும் எடுக்கலாம், எத்தனை முறையும் நீக்கலாம் என்னும் வசதிகளோடு வோல்ட்கேற் தெருவை 51 முறை வரைந்து புகழ்பெற்ற பின்னர், அதே தெருவுக்கு மறுபடியும் இளவேனில் வந்தபோது, ஹொக்னி ஐபாட்டை எடுக்கவில்லை. மரக்கரியை எடுத்தார். ஐந்து இடங்களைத் தெரிந்து, ஒவ்வோரிடத்தையும் இளவேனிலின் ஐந்து நிலைகளில் வரைந்து, 25 படங்களை முடித்தார். அவற்றில் நிறமில்லை, பனியும் மொட்டும் இலையும் நிழலும் கருமையின் அளவு வேற்றுமையாலேயே காட்டப்பட்டுள்ளன. வெண்மை வேண்டிய இடங்களில், நீர்வர்ணத் தாளிற்போலவே, கடதாசி தொடாமல் விடப்பட்டிருக்கின்றது.